முன்னாடி போயிட்டா

தங்கை சிரித்தாள். அவள் சிரித்து முடித்து, வாயை மூடி, தண்ணீர் பாட்டிலைத் திருகித் திறந்த பிறகு, சதுப்பு நிலத்தின் அந்தப் பக்கம் நாணல் புதருக்குள்ளிருந்து அதே சிரிப்பு இன்னொரு முறை வந்தது.

“எக்கோ அடிக்குது பாருங்க,” என்றார் கேப்டன். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவை முன்னால் நின்று அழைத்துப் போகிறவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூத்தவள் சுற்றிலும் பார்த்தாள். மலை இல்லை. மதில் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான ஈர நிலம், அதன்மேல் பாலாடை போல் படிந்த மூடுபனி, ஆளுயர நாணல், அழுகிய வேரின் இனிப்பும் கசப்பும் கலந்த வாடை. எதில் பட்டு அந்தச் சத்தம் திரும்பியது என்று அவளுக்குப் புரியவில்லை. குழுவில் கூட வந்த தபால்காரம்மா காலையிலிருந்து ஊர்வம்பு முழுக்க உரக்கப் பேசிக்கொண்டுதான் வந்தாள், அதில் ஒரு சொல்கூடத் திரும்பவில்லை. தங்கையின் சிரிப்பு மட்டும் திரும்பியது. இந்த நாணலுக்குக்கூட அவள் குரல்தான் பிடிக்கிறதாக்கும் என்று நினைத்தபோது, மூத்தவளுக்குள் பழைய பொறாமை நெருப்பு மெல்லப் பற்றியது.

தங்கை வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பவள். நாளைக்கு மழை என்று அவள் சொன்னால் கேட்பவர்கள் மழைக்கு ஆசைப்படுவார்கள். மணவாழ்க்கை முறிந்து, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தவளை, பாவம், தனியாக உட்கார்ந்து அழ வேண்டாம் என்று நடைக் குழுவில் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். மூன்றே வாரம். கேப்டன் தங்கைக்காக வேகத்தைக் குறைத்தார். தபால்காரம்மா, இத்தனை வருஷமும் மூத்தவளோடு கடைசி வரிசையில் கைகோத்து வந்தவள், தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் அதே கதை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ‘ம்’ என்ற ஒரே எழுத்தில் குடும்பம் நடத்திய மூத்தவளின் கணவன், இப்போது தன் சின்ன வயசுக் கதைகளையெல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டிருந்தான். அவற்றில் பாதியை மூத்தவளே கேட்டதில்லை.

இன்று தங்கையின் பையைக்கூட அவன்தான் சுமந்தான். அவளுடைய போனும் அதற்குள் இருந்தது.

நாணல் காட்டின் நடுவே பலகைப் பாதை தொடங்கியது. இரண்டு ஆள் சேர்ந்து நடக்க இடமில்லாத ஒடுங்கிய பாதை. காலடியில் கறுத்த தண்ணீர் களக் களக் என்று பலகையின் அடிவயிற்றைத் தட்டியது. எல்லோரும் வரிசையாகப் போனார்கள். பாதை முடிவில் இருக்கும் சாப்பாட்டு விடுதியின் சூப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். திருப்பத்தில் பேச்சு மங்கியது. தங்கை கடைசியில் இருந்தாள், மூத்தவள் அவளுக்கு முன்னால்.

மடார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், உளுத்த பலகை ஒன்று உடைந்து தங்கையின் கால் முழங்கால்வரை உள்ளே போயிருந்தது.

“அக்கா, கால் மாட்டிக்கிச்சு,” என்றாள் அவள். வலியில் முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் அது அழகாக இருந்தது. மூத்தவள் குனிந்து கையை நீட்டினாள். அப்போது தங்கை சொன்னாள்: “நீ வேணாம்க்கா, உன்னால முடியாது. அத்தானைக் கூப்பிடேன்.”

நீட்டிய கை நின்றது.

“கூப்பிடறேன். அசையாம இரு.”

அவள் நிமிர்ந்து நடந்தாள். கூப்பிடத்தான் நடந்தாள். திருப்பம் தாண்டியதும், பலகை சற்று அகன்ற இடத்தில், குனிந்து ஷூ நாடாவை முடிந்தபடி கணவன் காத்திருந்தான். அவன் கண் அவளைத் தாண்டிப் பின்னால் தேடியது.

“தங்கச்சி எங்க?”

உனக்கு என்ன ஆச்சு, ஏன் மூச்சு வாங்குது என்று கேட்டிருந்தால்கூடப் போதும்.

“முன்னாடி போயிட்டா,” என்றாள் மூத்தவள். “தபால்காரம்மா கூட.”

அவன் முகம் சுண்டியது. உடனே நடையை எட்டிப் போட்டான். பின்னால் வெகு தூரத்தில் “அக்கா” என்று ஒரு குரல். சற்றுப் பொறுத்து நாணலுக்குள்ளிருந்து இன்னொரு “அக்கா.” அவன் காதில் விழவில்லை. சூப் வரும்வரைக்கும்தான், அப்புறம் நானே போய்க் கூட்டிவந்துவிடுவேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் உட்காரட்டும். ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

விடுதி பாதை முடிகிற மேட்டில் இருந்தது. உள்ளே கணப்பு எரிந்தது, ஈரக் கம்பளியும் வறுத்த வெங்காயமும் மணத்தன, கண்ணாடி ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. நீள மேசையைச் சுற்றி எல்லோரும் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேசையின் நடுவில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்க்கா லேட்டு?” என்றாள். அதே குரல். “நான் முன்னாடியே வந்துட்டேன்.”

மூத்தவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். காலை உருவிக்கொண்டு, குறுக்கு வழி ஏதாவது பிடித்து, இங்கேயும் முந்திக்கொண்டாளா? அத்தானுக்குப் பக்கத்து நாற்காலியையே பிடித்தும்விட்டாள். கணவன் ரொட்டியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தான். மூத்தவள் எதிரில் உட்கார்ந்து, தனக்குத் தானே ரொட்டி எடுத்துக்கொண்டாள்.

சூப் வந்தது. தங்கை கரண்டியால் அள்ளினாள், வாய்க்குக் கொண்டுபோனாள், பேசினாள், சிரித்தாள், மறுபடி அள்ளினாள். மற்றவர்களின் கிண்ணம் காலியாயிற்று. அவள் கிண்ணம் அப்படியே தளும்பியது.

அப்புறம்தான் மூத்தவள் தங்கையின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள்.

அவள் தொழிலே அதுதான். கண்ணாடிக் கடையில் வருஷக்கணக்காக மனித முகங்களுக்குச் சட்டம் பொருத்துகிறவள். தங்கையின் இடது காது வலதைவிட இறங்கி இருக்கும். எந்தச் சட்டம் போட்டாலும் ஒரு பக்கம் சாயும். சின்ன வயசிலிருந்து அதை வளைத்து வளைத்துச் சரிசெய்து கொடுத்தவள் மூத்தவள்தான். அழகியின் முகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த அந்தக் கோணல் அவளுடைய ரகசிய ஆறுதல்.

இப்போது கண்ணாடி கோடு போட்டது போல் நேராக இருந்தது.

“கண்ணாடி சாஞ்சிருக்கு, சரி பண்றேன்,” என்று பொய் சொல்லி மேசைக்கு மேல் கையை நீட்டினாள். விரல் காதுக்குப் பின்னால் போனது. கண்ணாடிக் கம்பி அழுத்தி அழுத்தி விழுகிற தழும்பு அங்கே இல்லை. மடிப்பு இல்லை. ரோமம் இல்லை. வழவழவென்று, சில்லென்று, தண்ணீருக்கடியில் கிடந்த தண்டு மாதிரி.

தங்கை அசையவில்லை. சிரிப்பும் மாறவில்லை.

மூத்தவள் கையை இழுத்துக்கொண்டாள். இது என் தங்கச்சி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்ப அவ எங்க? அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தபால்காரம்மா கேட்பாள். கேப்டன் கேட்பார். கணவன் ஒன்றும் கேட்க மாட்டான். வெறுமே பார்ப்பான்.

“கையுறையை வழியில விட்டுட்டேன்,” என்று எழுந்தாள். யாரும் ‘நானும் வரேன்’ என்று சொல்லவில்லை.

“போயிட்டு வா,” என்றது அது. பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி: “மெதுவாவே வா.”

வெளியே பனி தடித்திருந்தது. அவள் ஓடினாள். வழுக்கினாள். எழுந்து மறுபடி ஓடினாள். நாணல் உரசும் சத்தம் இரண்டு பக்கமும் கூடவே வந்தது. காற்றே இல்லை. ஆனாலும் உரசியது.

தங்கை அங்கேயே இருந்தாள்.

பலகையில் கவிழ்ந்து, தலைமுடி தண்ணீரில் தொங்க, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. காதுப் பக்கம் கண்ணாடி கோணலாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் மூத்தவள் மண்டிபோட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“கத்திக்கிட்டே இருந்தேன்க்கா.” வானொலிக் குரல் போயிருந்தது, வெறும் காற்றுதான் வந்தது. “நான் கத்தினா அங்கிருந்து யாரோ என்னை மாதிரியே கத்தறாங்க. அப்புறம் அது நின்னுடுச்சு. நின்னப்புறம்தான் ரொம்பப் பயமா இருந்திச்சு.”

மூத்தவள் பலகையைப் பெயர்த்தாள். நகம் பிய்ந்தது. கால் வெளியே வந்தது, வீங்கி, நீலம் பாரித்து.

“அத்தான் வரலையா?”

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. தனக்கே வெட்கமாக இருந்தது. தங்கையின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடத்தினாள். பாதி வழியில் தங்கை துவண்டாள். மூத்தவள் பனிக்குள் கத்தினாள்.

“யாராவது வாங்களேன்.”

நாணலுக்குள்ளிருந்து வந்தது: “யாராவது வாங்களேன்.”

மூத்தவளின் குரலேதான். சளி கட்டியது போன்ற அந்தக் கரகரப்புகூட.

தங்கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். “பேசாதக்கா.”

ஆனால் அதைச் சோதித்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. “யாரு?” என்று மெல்லக் கேட்டாள்.

பதில் இல்லை. காத்திருந்தாள். இல்லை. ஒரு பக்கத்து நாணல் மட்டும், விடுதி இருக்கும் திசையில், வரிசையாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. யாரோ அவசரமாக நடந்து போவது போல்.

அதன் பிறகு அவர்கள் பேசவில்லை. இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மேடு. புகைபோக்கி. மஞ்சள் வெளிச்சம். கதவின் பிடி அசையவில்லை. தட்டினாள். மரம் சத்தமே எழுப்பவில்லை, பஞ்சில் தட்டியது போல் இருந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். கையால் துடைத்தாள். ஆவி உள்பக்கம். துடைபடவில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு தெளிந்த இடம்.

உள்ளே மேசையில் மீனும் உருளைக்கிழங்கும் வந்திருந்தன. கேப்டன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். கணவனுக்கு ஒரு பக்கம் தங்கை.

இன்னொரு பக்கம் மூத்தவள்.

அவளேதான். அதே சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை. அதே நரை. தபால்காரம்மா அவள் கையோடு கை கோத்திருந்தாள். உள்ளே இருந்த அவள் என்னவோ சொன்னாள். கணவன் சிரித்தான், செய்தித்தாள் இல்லாத முழு முகத்தோடு. மீனில் முள்ளெடுத்து அவள் தட்டில் வைத்தான். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான். கல்யாணமான புதிதில் அவனை அப்படிப் பார்த்தது, அதற்குப் பிறகு இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மூத்தவளுக்குள் அந்தப் பழைய நெருப்பு மறுபடி பற்றியது. அது பயம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“அத்தான்,” என்று தங்கை கூப்பிட்டாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. உள்ளேதான் அந்தச் சொல் கேட்டது, தெளிவாக, வானொலியில் போல.

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். நேராக மூத்தவளின் கண்ணைப் பார்த்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பது போல் மீசையைத் தடவிச் சரிசெய்துகொண்டான்.

அவள் இரண்டு கையாலும் ஜன்னலை அடித்தாள். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி அவனைக் கூப்பிட்டாள்.

உள்ளே, அவன் பக்கத்து நாற்காலியிலிருந்து, சளி கட்டிய குரல் ஒன்று மெதுவாக “என்னங்க” என்றது.

“சொல்லும்மா,” என்று அவன் அந்தப் பக்கம் திரும்பினான்.