ஒரே சான்றிதழில் இருவர்

குடையைச் சாய்த்தது அவன்தான். வினையே அங்கேதான் தொடங்கியது.

அன்று படகுத்துறையில் நல்ல மழை. முன்பின் தெரியாத பெண் நனைகிறாளே என்று, வரிசையில் பின்னால் நின்றவன் தன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். கவுன்ட்டர் அதிகாரி அதைப் பார்த்தார். படகு கிளம்பும் அவசரம் வேறு... எல்லை தாண்டி அக்கரை போகிறவர்களுக்கு அரசு புதிதாகக் கொண்டுவந்த டிஜிட்டல் உடல்நலச் சான்றிதழில், இருவரையும் ஒரே குடும்பமாகப் பதிந்துவிட்டார்.

“சார், இவர் யாருன்னே எனக்குத் தெரியாது” என்றாள் அவள்.

“ஒரே குடையிலதானேம்மா வந்தீங்க?”

பதிந்ததைப் பிரிக்கத் தலைமை அலுவலகம் மனசு வைக்க வேண்டும். அதுவரை இருவர் போனிலும் உள்ள சான்றிதழைச் சேர்த்துக் காட்டினால்தான் படகுக்குப் போகும் கதவு திறக்கும். அவள் பிசியோதெரபிஸ்ட், திங்கள்தோறும் அக்கரை மருத்துவமனையில் வேலை. அவன் கண் பரிசோதகன். அவனுக்கும் அதே திங்கள், அதே படகு. முதலில் வந்தவர் மற்றவருக்காக நிற்க வேண்டியதாயிற்று.

முதல் மாதம் முறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். படிக்கும்போது அவள் கண்ணைச் சுருக்குவதாகச் சொல்லி, ஒருநாள் தன் கண்ணாடிக் கடைக்கு வரச் சொன்னான். எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.

“குடும்பத்துக்கு இலவசம்.”

அவள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆற்றின் மேல் மழை பூப்பூவாக விழுந்துகொண்டிருந்தது...

பிறகுதான் அந்தத் திங்கள். கவுன்ட்டருக்குப் புதிதாக வந்த அதிகாரி, “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று அவனைக் கேட்டார்.

“யாருமில்ல” என்றான்.

உண்மைதான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. அதன்பின் நான்கு வாரம் அவள் அவனோடு வாய் திறக்கவில்லை. போனை நீட்டுவாள், கதவு திறக்கும், கடைசி இருக்கைக்குப் போய்விடுவாள். இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். அவள் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு வரிகூட மனசில் ஏறவில்லை.

ஐந்தாம் திங்கள் துறையே மாறியிருந்தது. சான்றிதழ் முறையை அரசு எடுத்துவிட்டது. ஊழியர்கள் ஸ்கேனரைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. இனி யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

அவன் கூட்டத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான்... அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு வாரப் பழக்கம். அவன் நடந்தான்.

போகட்டுமே என்றது அவள் ரோஷம். அடுத்த வாரம் வேறு படகில் போவான். அதற்கடுத்த வாரம்...

“என்னங்க...”

புருஷனைக் கூப்பிடுவது போலவே வந்துவிட்டது. மூன்று நான்கு கணவன்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனும்.

அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் நடந்துபோய் எதிரே நின்றாள்.

“இனி என்னை விட்டுட்டுப் போனா எந்த அதிகாரியும் கேக்க மாட்டார். நான் கேப்பேன்.”

அவன் கூட்டத்திலிருந்து ஒதுங்கி நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்.

“அன்னிக்கு அவர் கேட்டப்ப வேற பதில்தான் நாக்கு வரைக்கும் வந்துச்சு. ஆனா அதை முதல்ல உங்ககிட்டதானே கேட்டிருக்கணும்... அதான் யாருமில்லன்னுட்டேன்.”

படகு ஊதியது.

“இப்ப கேக்கட்டுமா?”

“ஏறி உக்காந்து நிதானமா கேளுங்க” என்றாள். “சரின்னுதான் சொல்லப் போறேன்... அப்புறம் எதுக்கு அவசரம்?”