கடைசி இதழின் படக்குறிப்பு

வியாழக்கிழமை என்றால் கோகிலவாணி காலையில் கடையைத் திறப்பதில்லை. பம்பு மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை. அக்கா தம்பியைப் பார்க்கப் போயிருப்பாள் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். நகத்தடி கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவினாசி சாலையில் இருக்கும் அச்சுரு மையத்துக்குப் பேருந்தில் போவாள். வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு கூடத்தில் வரிசை.

அன்றும் அவளுக்கு முன்னால் பழனிச்சாமி நின்றிருந்தார்.

"போன வாரம் அப்பா என்ன சொன்னாருங்க?" என்று கேட்டாள்.

"வேறென்னத்தச் சொல்லுவாரு? மூணாவது வீதில சாக்கடை அடைப்பு. பொறவு தெருவிளக்கு. செத்தும் மாநகராட்சிய விடமாட்டீங்கறாரு."

அவர் அப்பா உயிரோடு இருந்தபோது நாளிதழ்களுக்கு ஆசிரியர் கடிதம் எழுதியவர். அந்தக் கடிதங்களைத் தவிர வேறு எதிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. அதனால் அச்சுருவாக எழுந்து வந்தவருக்குச் சாக்கடையும் விளக்கும் மட்டுமே தெரியும். பின்னால் நின்ற பெண்ணின் அம்மா ஒரு மகளிர் இதழின் சமையல் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவர். அவர் மகளைக் கண்டதும் பீர்க்கங்காய்த் தோலைத் தூர எறியாதே என்பார். அவ்வளவுதான். அதற்காகவே அந்தப் பெண் பொள்ளாச்சியிலிருந்து வருகிறாள்.

கலப்புக் காலம் என்று இப்போது பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். இணைய வலையில் கணினிப் பொறிகள் எழுதியதும் மனிதர் எழுதியதும் அரிசியும் கல்லுமாகக் கலந்து, புடைத்தெடுக்க யாராலும் முடியாமல் போன ஆண்டுகள் அவை. இறந்துபோன கணவன்மார் தொலைபேசியில் கூப்பிட்டு வீட்டை எழுதிவைக்கச் சொன்னார்கள். கடைசியில் அரசாங்கம் ஓர் ஆண்டைக் குறித்துக் கோடு போட்டது. அதற்கு முன் தாளில் மையால் அச்சானது மட்டுமே நடந்ததாகக் கணக்கு. மற்றவை நடந்திருக்கலாம், ஆனால் சட்டம் அறியாது. கைபேசிப் படங்கள், காணொளிகள், குரல்பதிவுகள், வீட்டுக்காரர்களின் ஞாபகம் எல்லாமே அந்த மற்றவையில் சேர்ந்துவிட்டன. இறந்தவரின் உருவத்தைப் பொறியில் எழுப்புவதானாலும் அச்சிலிருந்துதான் எழுப்ப வேண்டும். அப்படி எழுப்பிய உருவம்தான் அச்சுரு.

அந்த வகையில் தீபன் கொடுத்துவைத்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கார்ட் பந்தயம் ஓட்டியவன். தரையோடு தரையாக, ஸ்பிரிங் இல்லாமல், ஓட்டுகிறவன் எலும்பையே ஸ்பிரிங்காக வைத்துக்கொண்டு பறக்கும் அந்தச் சின்ன வண்டிகளைப் பற்றித் தமிழில் வெளிவந்தவை ஒரே அலமாரிக்குள் அடங்கும். கோவை கிளப் ஒன்று சைக்ளோஸ்டைலில் எடுத்து, பந்தயத் தடத்துக் கேன்டீன் சுவரில் ஒட்டிய செய்தித்தாள்தான் தொடக்கம். அடுத்து ஒரு விதிப் புத்தகம். கார்புரேட்டர் படத்தைத் தலைகீழாக அச்சிட்ட ஒரு மொழிபெயர்ப்புக் கையேடு வந்தது; அதைப் பார்த்து எஞ்சினைப் பிரித்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. பிறகு, வேகப்பித்துப் பிடித்த ஓர் அச்சகக்காரர் 'சின்னச் சக்கரம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். வண்ணத்தில், வழவழப்பான தாளில். வலை வளர வளர இதழ் மெலிந்தது. வண்ணம் போயிற்று, நடுப்பக்கப் படம் போயிற்று, ஒருநாள் இதழே போயிற்று. தடித்த வரலாற்று நூல் ஒன்று மட்டும் அதற்குப் பின் வந்தது. அதில் தீபனுக்கு இரண்டு வரி.

இத்தனையிலிருந்தும் கூட்டி எடுத்த தீபனுக்கு இருபத்திரண்டு வயது. எந்தத் தடத்தில் எந்த வளைவில் பிரேக்கைத் தொடவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நேர்காணலை அவன் பேச்சிலேயே அச்சிட்டிருந்ததால் குரலும் பேச்சும்கூட அவனுடையவை. ஆனால் கிடைத்த இதழ் எதிலும் கோகிலவாணி இல்லை.

அதனால் அவனுக்கு அவளைத் தெரியாது.

"வாங்க மேடம். மறுபடியும் வந்துட்டீங்க!" என்பான் ஒவ்வொரு வாரமும். வந்துபோனவர்களின் முகம் அச்சுருவில் தங்கும், பேசியது தங்காது. "நம்ம இதழோட வாசகருங்களா?"

"ஆமாங்க," என்பாள். பெற்ற தாய் போல் தூக்கி வளர்த்தவனை வாங்க போங்க என்று பேச நாக்கு பழகிவிட்டது. சங்கிலிப் பல்சக்கரத்தைப் பற்றிப் பேசுவார்கள். மேடத்துக்கு நெறையத் தெரியுதே என்று அவன் வியப்பான். அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்றிப் பூட்டியது அவள்தான். அவனுடைய மெக்கானிக் அவள்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. கடைசிப் பந்தயத்தன்று 'சின்னச் சக்கரம்' புகைப்படக்காரர் அவளைத் தம்பியின் வண்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட வைத்துப் படம் எடுத்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இதழ் அஞ்சலில் வந்தபோது தீபன் காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்தான். அவன் திரும்பி வரவில்லை. உறையைப் பிரிக்க வீட்டில் ஒருவருக்கும் மனமில்லை. பழைய பேப்பரோடு அது போய்விட்டது. பல வருடத் தேடலுக்குப் பிறகு, கடல் கடந்து ஈப்போவில் இருந்த ஒரு சந்தாதாரரின் பேரன், பரணில் ஒரு பிரதி கிடக்கிறது என்று எழுதினான். சீல் வைத்த பொட்டலமாக அனுப்பினான். மையத்துக்கு வெளியே சீலை உடைத்தால் அச்சு செல்லாது. எனவே அவள் அதைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அச்சுகளை வாங்கி ஏற்றும் ஏற்பறையில் இருந்த மைய ஊழியன் தாஜுதீன் பொட்டலத்தை வாங்கியதும் சிரித்தான். "கெடச்சிருச்சா! இன்னைக்கு உங்க தம்பி உங்கள அக்கான்னு கூப்பிடப் போறாருங்க்கா. பிரியாணி போடோணும்."

"மொதல்ல கூப்பிடட்டும். அண்டாவே வெக்கறேன்."

சீலை உடைத்து, இதழை வாசிப்பான் என்ற ஸ்கேனரின் கண்ணாடிக்கு அடியில் வைத்தான். மெல்லிய உலோக விரல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. கோகிலவாணி குனிந்து பார்த்தாள். கறுப்பு வெள்ளை. தாள் பழுத்திருந்தது. எட்டாம் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு படங்கள். மேல் படத்தில் அவள், கையில் ஸ்பானரோடு, இளமையாக. பக்கத்தில் ஹெல்மெட் போட்ட தீபன். கீழே தீபனின் பரம எதிரி ரோஷன் குரியன், அவனும் ஹெல்மெட்டில்; அவன் அக்கா ஷீபா குடை பிடித்து நின்றாள்.

மேல் படத்தின் குறிப்பைப் படித்தாள். 'ரோஷன் குரியன், அக்கா ஷீபாவுடன்.'

கீழே: 'தீபனும் அவருடைய அக்காவும் மெக்கானிக்குமான கோகிலவாணியும். தம்பியின் வெற்றிக்குப் பின்னால் இந்த விரல்கள்.' அந்த விரல்கள் குடைக்காம்பைப் பிடித்திருந்தன.

"நிறுத்துங்க! தாஜூ, நிறுத்துங்க, தப்பா இருக்குது!"

உலோக விரல் அடுத்த பக்கத்தைப் புரட்டியது. பச்சை விளக்கு எரிந்தது.

தாஜுதீன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். "அச்சகத்துல பக்கம் கட்டுனவன் குறிப்ப மாத்தி ஒட்டிட்டான்க்கா."

"அதான் தெரியுதே! அது நானுங்க. இந்த மூஞ்சியப் பாருங்க."

"எனக்குத் தெரியும்க்கா. நான் சொல்லி ஆகாதே." குரலைத் தாழ்த்தினான். "அச்சுல என்ன இருக்குதோ அதான். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டிருந்தா அதக் கொண்டுவந்து ஏத்தலாம்."

இருவரும் ஒரே நேரத்தில் பின்னட்டையைப் பார்த்தார்கள். அன்புள்ள வாசகர்களே, அடுத்த மாதம் முதல் நாம் வலைத்தளத்தில் சந்திப்போம் என்று ஆசிரியர் கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

"இத மட்டும் எடுத்துர முடியாதுங்களா?"

"மாவுல கரைச்ச உப்புங்க்கா. எடுக்கறதுன்னா மொத்த உருவத்தையும் கலைக்கோணும். அதுக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. வழக்கமான அறைக்குள் போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒளி கூடி, தீபன் எழுந்தான். அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. நரையும் சுருக்கமும் பொறிக்கு ஒரு பொருட்டல்ல. அது எலும்பைப் பார்த்து ஆளை அறியும்.

"ஷீபாக்கா! ரோஷனோட அக்காதானுங்க நீங்க? இத்தன நாளா யாரோன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"தீபா." பல வருடங்களுக்குப் பிறகு அவனை அப்படிக் கூப்பிட்டாள். "நான் ஷீபா இல்லடா. நான் கோகி. உன்ற அக்கா."

அவன் சிரித்தான். வீட்டில் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு சிரிக்கும் அதே சிரிப்பு. "ரோஷன் சொல்லி அனுப்பிச்சானுங்களா? ரேசுக்கு முன்னால மனசக் குழப்பி உடறதுக்கு? எங்கக்கா மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்?"

"உனக்கு முதுகு வலிச்சப்ப சீட்டுக்குப் பஞ்சு வெச்சுத் தெச்சது யாருடா? ஜெயிச்சன்னைக்கு வண்டிய விட்டு எறங்காம அழுதியே, அப்ப உன்னையத் தூக்குனது யாரு?"

தீபன் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான். "அது எந்த இதழ்லீங்க வந்துச்சு?"

பக்கத்து அறையில் பழனிச்சாமியின் அப்பா மூன்றாவது வீதியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றான் தீபன். கண்ணாடிக்கு அருகே வந்து குரலை இறக்கினான். "ஒண்ணு கேக்கறேன், ரோஷனுக்குத் தெரிய வேண்டாம். சிரிப்பான். நீங்க எதிராளியோட அக்கா, வாராவாரம் வந்து பாக்கறீங்க. எங்கக்கா ஒரு நாளும் வரலீங்களே. அந்த மூஞ்சி இந்த ரூமுக்குள்ள ஒரு தடவகூட வந்ததில்ல. எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

கோகிலவாணி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நேரம் முடியப்போவதற்கான விளக்கு மினுக்கத் தொடங்கியது.

"கோவமெல்லாம் இல்லீங்க," என்றாள் ஷீபா. "கடையில வேலை. வரேன்னு சொல்லச் சொன்னாங்க."

"நெசமாவா!" என்றான். உடனே ஹெல்மெட்டில் கலைந்த முடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாக, மூடியிருந்த கதவைப் பார்த்து நிமிர்ந்து நின்றான்.