செத்தவீட்டுக்கு முதல் ஐஸ்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை காலை, ஊர்காவற்றுறை குருசுமுத்து ஐஸ் கொம்பனியில் ஆறு கட்டி ஐஸ் மட்டுமே இருந்தது. மெஷின் முதல்நாளே பழுதாகிவிட்டது.

எட்டு மணிக்கு நாரந்தனையிலிருந்து கோபிசங்கர் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் வந்து இறங்கினான்.

"ஜசிந்தாக்கா, அம்மா விடியக்காலமை போயிட்டா. தங்கச்சி லண்டனிலயிருந்து நாளைக்குத்தான் வாறா. ஐஸ் வேணும்."

கொம்பனியை இப்போது நடத்தும் ஜசிந்தா ஐஸ் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொம்பனியைத் தொடங்கிய அவள் அப்பா குருசுமுத்து, சாகுமுன் எழுதிவைத்தது ஒன்றே ஒன்று: செத்தவீட்டுக்கு முதல் ஐஸ், காசு வாங்காமல், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மூன்று வருடமாக அது தவறவில்லை.

கொம்பனியில் பங்காளியான சித்தப்பா மகன் அன்ரனிதாஸ் அவளை உள்ளே இழுத்தான்.

"பெரியப்பா எழுதேக்க நண்டு வியாபாரம் இருந்ததோ? உள்ள பதினெட்டுப் பொம்பிளையள் நண்டு உடைக்கினம். மத்தியானம் இந்த ஐஸோட லொறி போகாட்டி ஓடர் போச்சு. பிறகு அவர் எழும்பி வந்து இவையளுக்குச் சம்பளம் குடுப்பாரோ?"

ஜசிந்தா வெளியே வந்தாள்.

"பின்னேரம் வாரும், தம்பி."

"இதிலயே நிக்கிறன், அக்கா."

லொறிக்கு ஐஸ் எடுக்க ஜசிந்தாவும் அன்ரனிதாஸும் போன ஐஸ் அறையில் பகலிலும் இருட்டு. வழக்கமான அமோனியா நெடி இல்லை. பிரேதத்துக்குத் தெளிக்கும் ஓடிக்கொலோன் மணந்தது.

"நீர் பூசினீரோ?"

"விசரோ அக்கா, உங்களுக்கு?"

முதல் அச்சைக் கவிழ்த்தார்கள். கண்ணாடிபோல் கட்டி நழுவி விழுந்தது. அதன் நடுவே ஒரு குழிவு.

மூடிய கண்கள். மூக்கு. வாய்.

இரண்டாவதில் நெஞ்சு.

மூன்றாவதில் கோத்த கைகள். இடக்கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. அப்பாவின் விரலை ஐஸ் நொறுக்கும் மெஷின் தின்று இருபது வருடம்.

நான்கு, ஐந்து, ஆறு. வரிசையாகக் கிடந்தபோது ஓர் ஆளின் நீளம் இருந்தது.

"பாராதேங்கோ," அன்ரனிதாஸ் கிசுகிசுத்தான். "உடைச்சுப்போடுவம்."

கோடரியை ஓங்கினான்.

கட்டிக்குள் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

கோடரி மெல்லக் கீழே இறங்கியது. ஜசிந்தா குனிந்து, முகம் இருந்த இடத்தில் கைவைத்தாள்.

ஐஸ் சுட்டது.

"கோபியைக் கூப்பிடும்."

"பதினெட்டுப் பேர், அக்கா."

"தெரியும்."

அப்பாவுக்காகக் கொடுத்தாளா, பயத்தில் கொடுத்தாளா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை.

லொறி வெறுமையாகத் திரும்பியது. ஓடர் கைவிட்டுப் போனது. யூன் முப்பதாம் திகதி கொம்பனி மூடப்பட்டது. பதினெட்டுப் பெண்களும் வேலை இழந்தார்கள். மின்சாரத்தை வெட்டினார்கள்.

ஓகஸ்டில் கரம்பனில் ஒரு மீனவர் இறந்தார். ஐஸ் கேட்டு யாரும் போகவில்லை. மறுநாள் காலை, பூட்டிய கொம்பனிக் கேற்றுக்கு வெளியே ஆறு ஐஸ் கட்டிகள் வரிசையாக இருந்தன. செத்தவீட்டார் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.