தினமும் கிடைக்கும்

மழை அவசரப்பட்டு வந்ததா, மின்ஹா அவசரப்பட்டு இறங்கினாளா... அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஓட்டோ நின்றதும், பின்னால் பார்க்காமலே இறங்கிவிட்டாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் கிறீச்சிட்டுச் சாய்ந்து நின்றது. அதன் பெட்டியில் அடுக்கியிருந்த தயிர்ச்சட்டிகளில் ஒன்று நழுவி அவள் காலடியில் உடைந்தது. அந்தப் பதற்றத்தில் அவள் கையிலிருந்த பொதியும் விழுந்தது. அச்சகத்தில் அப்போதுதான் எடுத்து வந்த புத்தம்புது விசிட்டிங் கார்டுகள்... ‘துறைமுகம் சந்தைப்படுத்தல் ஆலோசனை’ என்ற அழகான எழுத்தெல்லாம் தயிரில் குளித்தது.

“பார்த்து இறங்க மாட்டீங்களா?”

“பார்த்து ஓட மாட்டீங்களா?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். புருவத்தில் மழை வழிந்தது. சண்டைக்கு வந்த கண்கள் இல்லை அவை... சிரிக்கட்டுமா என்று அனுமதி கேட்கிற கண்கள். அவ்வளவு கோபத்திலும் மின்ஹாவுக்கு அது பிடித்துத் தொலைத்தது.

வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல், புறங்கையில் தெறித்திருந்த தயிரைப் பார்த்தாள். கெட்டியாக, வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கில் வைத்தாள். கோபம் அப்படியே மறந்து போயிற்று.

“இவ்வளவு நல்ல தயிருக்கு ஏன் சட்டியில ஒரு பேர்கூட இல்ல?”

“தயிருக்கு எதுக்குப் பேர்? சாப்பிடத்தானே போறம், கூப்பிடவா போறம்?”

மின்ஹா சிரித்துவிட்டாள். அவன் பெயர் இன்பாஸ். கிண்ணியாவில் சொந்த எருமைப் பட்டி. பால் காய்ச்சித் தயிர் போடுவது அவன் உம்மா றஹ்மா. நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுவந்து போடுவது அவன். யாருடைய தயிர் என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. நனைந்த கார்டுகளில் ஓரளவு தப்பியதை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“உங்களப் போல ஆக்களுக்குத்தான் இதை அடிச்சனான். வாங்க, கதைப்பம்.”

வரச்சொல்லிவிட்டாளே தவிர, வந்தால் உட்காரவைக்க ஒழுங்கான இடம் கிடையாது. அவளுடைய அலுவலகம் என்பது உடன்பிறந்த ராத்தா பஸ்மியாவின் தையற்கடையில் பாதி. வாப்பா அபூதாஹிர் பொல்லாதவர் இல்லை. ஆனால் மகள் கொழும்பில் படித்துவிட்டு வந்து, சின்னக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றதை அவரால் சீரணிக்க முடியவில்லை. கொழும்பில் மாமாவின் கம்பெனியில் ஓர் இடம் அவளுக்காகக் காத்திருந்தது. இந்த மாரிமழை முடிவதற்குள் ஒரு வேலையாவது உருப்படியாக நடந்தால் கடைவாசலில் அவள் மாட்டிய பெயர்ப்பலகை தொங்கட்டும், இல்லையென்றால் கொழும்பு... அதுதான் வாப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த ஒப்பந்தம்.

அவன் வந்தான். மறுநாளும் வந்தான். தயிர் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் வருவதாகச் சொன்னான். தையற்கடை அவன் திரும்பும் வழியிலேயே இல்லை என்பதைப் பஸ்மியா கண்டுபிடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மெஷினை மிதித்தாள். நடுவில் ஒரு மேசை, அந்தப் பக்கம் தையல் சத்தம். அவ்வளவு காவலுக்கு நடுவில்தான் மின்ஹா அவனிடம் கேள்வி கேட்டாள். உம்மா எப்போது எழும்புவார், சட்டி எங்கிருந்து வருகிறது, பாலோடு பால்மாத் தூள் கலப்பதுண்டா? கடைசிக் கேள்விக்கு மட்டும் அவன் முகம் மாறியது. உம்மா உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது என்றான். அந்த ரோசம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு பின்னேரம் விளம்பரம் தயாரானது. மண்சட்டியில் தயிர், மேலே தேன் மாதிரி ஒழுகுகிற கித்துள் பாணி, கீழே பெரிய எழுத்தில்: ‘கிண்ணியா றஹ்மா தயிர். தினமும் கிடைக்கும்.’ வெளியே மழை. போனை அவன் முன்னால் பிடித்துக்கொண்டு, பாராட்டுக்காகக் காத்திருக்கிற சின்னப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தாள்.

“சரியா?”

“ஓம்... சரி.”

அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டாள்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. நிலாவெளி ஹோட்டல்காரர் கேட்டார். லிங்கநகர் வீடுகளிலிருந்து கேட்டார்கள். பாலையூற்றில் ஒரு கல்யாண வீட்டுக்கே கேட்டார்கள். மின்ஹாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஆனால் அதே வாரம் மழை வலுத்துப் பிடித்துக்கொண்டது. வயல்களில் உழவு தொடங்கியது. உழவு தொடங்கினால் எருமைகளை வயற்பக்கம் வைத்திருக்க ஏலாது, பயிரை மேய்ந்துவிடும். பட்டிக்காரர்கள் எல்லோரும் தூரத்துக் காட்டோரம் கொண்டுபோய்விடுவார்கள். வீட்டுக்கு வருகிற பால் கொஞ்சம்தான். மாரியில் தயிர் அரிதாகத்தான் கிடைக்கும். கிண்ணியாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்... நகரத்தில் பிறந்து கொழும்பில் படித்த மின்ஹா ஒருத்திக்குத்தான் தயிர் வராமல் நின்ற பிறகு தெரிந்தது.

விளம்பரத்தின் கீழே கோபங்கள் குவிந்தன. ‘தினமும் என்றீர்களே, எங்கே?’ என்று தொடங்கி, ‘ஏமாற்றுக்காரி’ என்பதுவரை வந்தது. றஹ்மாவின் பெயர் அதற்குப் பக்கத்தில் இருந்தது. பெயரில்லாமல் நிம்மதியாக இருந்த தயிருக்கு அவள்தானே பெயர் வைத்தாள்...

இன்பாஸ் வந்தான். சட்டியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“பட்டி போற விஷயம் உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள் மின்ஹா.

“தெரியும்.”

“பிறகு ஏன் சரியெண்டு சொன்னீங்க? உங்களுக்குக் காட்டிப்போட்டுத்தானே போட்டனான்.”

அவன் மேசையைப் பார்த்தான். பஸ்மியாவைப் பார்த்தான். சொல்ல ஏதோ இருந்தது.

“கவனிக்கல்ல,” என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஊரெல்லாம் திட்டியபோது வராத அழுகை இப்போது வந்தது. கவனிக்கவில்லையாம். அவள் கண்முழித்துச் செய்த வேலையை அவன் வாசிக்கக்கூட இல்லையாம். பொம்பளப்பிள்ளையின் பொழுதுபோக்கு என்று நினைத்து, மனம் நோகாமல் இருக்கத் தலையாட்டியிருக்கிறான்... வாப்பா மாதிரி, மாமா மாதிரி, எல்லோரையும் மாதிரி. இனி வரவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவனும் மழையில் இறங்கிப் போனான். அவனுக்கும் ரோசம் இல்லாமலா?

மின்ஹா முகத்தைக் கழுவிவிட்டு வந்து பேஸ்புக்கில் எழுதினாள். மாரியில் பட்டி தூரம் போய்விடும், பால் குறையும். றஹ்மா உம்மா பால்மா கலந்து தயிர் விற்கமாட்டார். அதனால்தான் இப்போது தயிர் இல்லை. ‘தினமும்’ என்று எழுதியது என் பிழை, அவர்களுடையது இல்லை. கீழே தன் பெயரையும் போட்டாள். பிறகு வாப்பாவிடம் போய், கொழும்புக்குப் போகிறேன் என்றாள். வெற்றி பெற்ற வாப்பாவுக்கு ஏனோ அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் பலகையைக் கழற்றக் கதிரையில் ஏறியவளைப் பஸ்மியா இறங்கச் சொன்னாள். போனை நீட்டினாள். மின்ஹாவின் பதிவின் கீழே இன்பாஸ் எழுதியிருந்தான்:

‘நான் றஹ்மாவின் மகன். இது மின்ஹாவுடைய பிழை இல்லை. போடுவதற்கு முதல் எனக்குக் காட்டினவர். சரியென்று சொன்னது நான். பேசுவதென்றால் என்னைப் பேசுங்கள்.’

அதன் கீழே காற்று மாறியிருந்தது. பால்மா கலக்காத தயிருக்காகக் காத்திருக்கிறோம், பட்டி திரும்பியதும் சொல்லுங்கள் என்று நிலாவெளிக்காரர் எழுதியிருந்தார். கல்யாண வீட்டார்கூட மன்னித்திருந்தார்கள். மூதூரில் கருவாடு விற்கும் ஒரு பெண், பிழையைப் பிழையென்று சொல்கிற இந்தப் பிள்ளை எங்களுக்கும் எழுதித் தருமா என்று கேட்டிருந்தாள். மின்ஹா நிமிர்ந்தபோது வாப்பா வாசலில் நின்றார். அவரும் வாசித்திருக்கிறார் போல.

“பலகை கிடக்கட்டும்,” என்றார். “மாரி இன்னும் முடியல்லயே.” குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் மழையோடு மழையாக அவன் வந்தான். கையில் ஒரேயொரு தயிர்ச்சட்டி. வாசலோடு நின்றான்.

“உம்மா தந்து விட்டவ. இண்டைக்கு வந்த பால் இவ்வளவுதான்.”

“ஊருக்கே இல்லாத தயிர் எனக்கெதுக்கு?” குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள்... முடியவில்லை. “எழுதினதுக்கு நன்றி. ஆனா என்ட வேலையை நீங்க ஒரு வேலையா நினைக்கல்லயே. அதுதான் எனக்குத் தாங்கேலாம இருக்கு.”

“அப்படி இல்ல மின்ஹா.”

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். உள்ளே தையல் மெஷின் சட்டென்று நின்றது.

“உங்கட வேலையைப் பார்க்கத்தான் வந்தனான். நீங்க கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் உம்மாக்கிட்டப் போய்ச் சொல்லுவன். ஆனா அண்டைக்கு... போனைத் தூக்கிப் பிடிச்சு, சரியா எண்டு கேட்டீங்களே... நான் போனைப் பார்க்கல்ல.”

“பின்ன எங்க பார்த்தீங்க?”

அவன் காதுவரை சிவந்துபோனான். மழைக்குள் பார்த்துச் சொன்னான்.

“உங்களத்தான். சரியெண்டு சொன்னதும்... உங்களத்தான். ராத்தாவுக்கு முன்னால அதை எப்படிச் சொல்லுவன்?” மூச்சு வாங்கிக்கொண்டான். “எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. நீங்க ஓமெண்டால் உங்கட வாப்பாக்கிட்ட வந்து கதைக்கிறன். கொழும்புக்கு மட்டும் போகாதீங்க.”

நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. அவள் வேலையை அவன் மதிக்காமல் இல்லை... அவள் நிமிர்ந்து நின்ற அழகில் எழுத்துத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். மின்ஹாவின் கண்கள் நிறைந்தன. தயிர்ச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு போனை எடுத்து அவன் முன்னால் பிடித்தாள். புது விளம்பரம்: ‘றஹ்மா தயிர். பட்டி திரும்பியதும் கிடைக்கும்.’

“முதல்ல இதை வாசிங்க. ஒவ்வொரு சொல்லா வாசிச்சுப்போட்டுச் சரியா எண்டு சொல்லுங்க. இது என்ட வேலை.”

அவன் நல்ல பிள்ளையாகக் குனிந்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக வாசித்தான்.

“சரி,” என்றான். “இனி?”

“இனி என்னைப் பாருங்க,” என்றாள் மின்ஹா. “ஓம்.”