கமா மூட்டிய கோபம்

"லாரி வர்ற வழியிலதான் நிக்கணுமா? மழைக்கு ஒதுங்க வேற இடமே கிடைக்கலையா?"

சரக்குக் கிடங்கின் வாசலில் நனைந்து நின்றவன் திடுக்கிட்டு விலகினான். கத்தியவளின் சிவந்திருந்த கண்களைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே நின்றான்.

அவளுக்கு அன்று யாரைக் கண்டாலும் எரிந்தது. தொண்ணூற்றைந்து கிலோ கண்ணாடிப் பெட்டியின் மேல் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ இயந்திரப் பெட்டியை ஏற்றி நொறுக்கிவிட்டதாகச் சித்தப்பாவின் மேல் பழி. "கம்ப்யூட்டர் திரையில வந்த வரிசைப்படிதான் ஏத்தினேண்ணே" என்று அவர் சொன்னதைக் கிடங்கின் முதலாளியான அப்பா நம்பவில்லை. "கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாதா? பொய் சொல்றவன் என் தம்பியே இல்ல. இனிமே இந்தப் பக்கம் வராதே!" என்றுவிட்டார். சொன்ன சொல்லையே சொத்தாக மதிக்கும் குடும்பம் அது. சித்தப்பாவைப் பொய்யர் என்றதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம்.

"அந்தத் திரையைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"கிடைச்சா?"

"பளு தூக்குற கொக்கியில மாட்டித் தொங்க விடுவேன்!"

"கொஞ்சம் காஞ்சதும் மாட்டுங்க. அது நான்தான்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. பல்லைக் கடித்து அடக்கினாள். சிரிக்கிற நேரமா இது?

அவனை உள்ளே கூட்டிப் போய், கம்ப்யூட்டர் திரையில் 'எடை' என்ற தலைப்பை ஓங்கித் தட்டினாள். கனமானது முதலில் வரவேண்டும். 980 கிலோ, 95 கிலோ... எல்லாவற்றுக்கும் கீழே, 1,250 கிலோ!

அவன் முகம் வெளுத்தது. "படிக்க அழகா இருக்கட்டும்னு கமாவும் 'கிலோ'வும் சேர்த்தேன். சேர்த்ததும் அது எண்ணா இல்லாம வெறும் எழுத்தா ஆயிடுச்சு. முதல் எழுத்துல ஒன்பது பெருசு, ஒண்ணு சின்னதுன்னு அடுக்கிடுச்சு. கண்ணுக்குக் காட்ட அலங்காரம், வரிசைப்படுத்த அசல் எண்ணுன்னு தனித்தனியா வெச்சிருக்கணும். சின்ன வேலைதாங்க."

"சரி பண்ணிட்டு?"

"பேசாம வந்துடணும்னு எங்க கம்பெனி மேனேஜர் சொல்லித்தான் அனுப்பினார். தப்பை ஒத்துக்கிட்டா என் வேலை போயிடும்."

"உங்க வேலைக்கு எங்க சித்தப்பாவோட மானம்தான் விலையா?"

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். திரையைச் சரிசெய்தான். எழுந்து, நேராக அப்பாவின் அறைக்குள் போனான்.

"ஐயா, உங்க தம்பி சொன்னது உண்மை. பொய் சொன்னது என் திரை."

அப்பா கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. அவன் தலை குனியவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கத்தி ஓய்ந்ததும் அப்பா செருப்பை மாட்டினார். குடைகூட எடுக்காமல், கொட்டுகிற மழையில் தம்பி வீட்டை நோக்கி நடந்தார்.

கிளம்பியவனை அவள் வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தாள்.

"வேலை போயிடுமே!"

"போகட்டும்."

"போகட்டுமா? என்ன திமிரு! அப்புறம் நான் எப்படிப் பார்க்கிறது?"

"யாரை?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபம் இன்னும் பொங்கியது... தன் மேலேயே.

"உங்களைத்தான்! நல்லாத் திட்டணும்னுதான் ஓடி வந்தேன். வாயில வேற என்னமோ வருது... பிடிச்சிருக்கு. போதுமா? அதுக்கும் உங்க மேலதான் கோபமா வருது!"

அவன் இமைகளில் மழைத்துளிகள் நடுங்கின.

"எனக்கும் பிடிச்சிருக்குங்க. ஆனா, அதுக்காக நான் கத்த மாட்டேன்."

"கத்துங்க!" என்றாள்.