புது சிடியில் நாற்பத்தொரு வைரஸ்

சனிக்கிழமை காலையில் கிளப் அறையிலிருந்த கணினி வீல் வீல் என்று அலற ஆரம்பித்தது.

கொல்கத்தாவின் அலிப்பூரில் மத்திய அரசு ஊழியர்கள் குடியிருக்கும் வளாகம் அது. துர்கா பூஜைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

திரை முழுக்க ஒரே சிவப்பு. நடுவில் ஒரு கேடயப் படம். "ஃபோர்ட்வால் ப்ளஸ் எச்சரிக்கை! உங்கள் கணினியில் 348 வைரஸ்கள்! எல்லாக் கோப்புகளும் அழியப்போகின்றன! உடனே பணம் கட்டிப் பாதுகாப்புப் பெறுங்கள்!" என்று ஆங்கில எழுத்துகள் மின்னி மின்னி மறைந்தன.

"ஷொர்போனாஷ்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மொண்ட்டு காக்கு. எல்லாம் நாசம் என்று அர்த்தம். கிளப்பின் செயலாளர் அவர்தான். காக்கு என்றால் சித்தப்பா. வளாகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். அவர் பேசுவது வங்காளத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். சத்தத்தை மட்டும் நீங்களே கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அவர் அலறியதிலும் நியாயம் உண்டு. அந்தக் கணினிக்குள்தான் பூஜை மலர் இருந்தது. பிள்ளைகள் எழுதிய கதை, கவிதை, வரைந்த படம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுதோறும் அச்சிடும் புத்தகம் அது. அன்று மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் பூஜைக்குள் புத்தகம் வராது.

"நாங்க எழுதிக் குடுத்த பேப்பர்லாம் இருக்கே காக்கு? திரும்ப டைப் பண்ணிடலாமே?" என்று கேட்டான் வளாகத்துச் சிறுவன் துக்காய்.

காக்கு தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... டைப் பண்ணி முடிச்சாச்சேன்னு ஜால்முரிக்காரருக்குக் குடுத்துட்டேன். பொட்டலம் மடிக்கக் கேட்டார்."

ஆக, வளாகத்தின் இலக்கியம் முழுவதும் மசாலாப் பொரியோடு ஊர் சுற்றப் போய்விட்டது.

துக்காயின் முகம் சுருங்கியது. அவன் வாழ்க்கையில் எழுதிய முதல் கவிதை அது. நான்கே வரி. அதற்குள் மூன்று தடவை இலிஷ் மீன் வந்துவிடும். இருந்தாலும் கவிதை கவிதைதானே.

காக்குவுக்குத் திடீரென்று ஒன்று நினைவு வந்தது. "நேத்து இதுல பென் டிரைவ் போட்டது யாரு?"

எல்லோரும் சுபிக்ஷாவைப் பார்த்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் சுபிக்ஷா, மலரின் அட்டைப் படத்தை வீட்டுக் கணினியில் வரைந்து நேற்று மாலைதான் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"அதுலதான் வந்திருக்கு!" என்றார் காக்கு. பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாயந்திரம் ரிப்பேர்காரர் வந்து ஃபார்மேட் பண்ணிடுவார். உள்ளே இருக்கறது எல்லாம் போயிடும். இந்த வருஷம் மலர் கிடையாது."

"ஃபைலை மட்டும் காப்பி எடுத்துக்கலாமே காக்கு?" என்றாள் சுபிக்ஷா.

"வைரஸையும் சேர்த்துக் காப்பி எடுத்து அச்சகத்துக்காரர் தலையில கட்டச் சொல்றியா?"

சத்தம் கேட்டு சுபிக்ஷாவின் அப்பா சிவராம் ஓடிவந்தார். விஷயம் என்னவென்று முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "சாரி தாதா, சாரி, சின்னப் பொண்ணு" என்று காக்குவைப் பார்த்துக் கைகூப்பினார். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். மகளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனார்.

"நான் ஒண்ணும் பண்ணலைப்பா! அந்த பென் டிரைவைத் தினமும் நம்ம கம்ப்யூட்டர்ல போடறேன். அது நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும்மா. நாம மாத்தலாகி வந்தவங்க. ரெண்டு வருஷத்துல வேற ஊர். எதுக்கு வம்பு? ஒரு சாரி சொன்னா முடிஞ்சது."

"செய்யாத தப்புக்கு நீங்க ஏன் கும்பிட்டீங்க?"

அப்பா செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சுபிக்ஷாவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. திட்டு வாங்கியதுகூடப் பரவாயில்லை. எல்லோர் முன்னாலும் அப்பா கைகூப்பி நின்றதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கிளப்புக்கு நடந்தாள்.

அறையில் காக்குவும் துக்காயும் மட்டும் இருந்தார்கள். கணினி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"காக்கு, நான் எதையும் தொட மாட்டேன். படிச்சுப் பார்க்கட்டுமா?"

"படிக்க என்ன இருக்கு? அதான் ஆபத்துன்னு சிவப்பா போட்டிருக்கே!"

சிவப்பைப் பார்த்ததும் எல்லோரும் பயந்தார்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு நீளப் பட்டியல் ஓடியதை ஒருவர்கூடப் படிக்கவில்லை. சுபிக்ஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். பாதியில் அவள் புருவம் உயர்ந்தது.

"காக்கு, இந்தக் கம்ப்யூட்டர்ல எச் டிரைவ் இருக்கா?"

"இல்லையே. சி, டி, அப்புறம் சிடி போடற இ. அவ்வளவுதான்."

"பென் டிரைவ் போட்டா?"

"எஃப்னு வரும். எதுக்குக் கேக்கறே?"

"எச் டிரைவ்ல மட்டும் அறுபது வைரஸ் இருக்காம்!"

துக்காய் களுக்கென்று சிரித்தான். "எனக்கு மூணாவது கையில எலும்பு முறிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்ன மாதிரி இருக்கு!"

காக்கு சிரிக்கவில்லை. "ஃபோர்ட்வால் பொய் சொல்லாது. எங்க ஆபீஸ்ல எல்லாக் கம்ப்யூட்டர்லயும் வைரஸ் தடுக்க அதுதான் இருக்கு. இதே கேடயம்தான்."

சுபிக்ஷா மேசையைப் பார்த்தாள். அச்சகத்துக்காக வாங்கிய புது சிடி ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"இதுல ஏதாவது இருக்கா காக்கு?"

"வெறும் சிடி. கடையிலேர்ந்து வந்தது அப்படியே இருக்கு."

"அப்போ இதைச் சோதிக்கச் சொல்லிப் பார்ப்போமா?"

காக்கு யோசித்தார். பிறகு தன் கையாலேயே உறையைப் பிரித்து சிடியை உள்ளே தள்ளினார். சோதனைப் பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடு வேகமாக ஓடியது. மறுபடி வீல் என்று ஓர் அலறல்.

"ஆபத்து! இந்த சிடியில் 41 வைரஸ்கள்!"

துக்காய் திரைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தான். "ஒண்ணுமே இல்லாத சிடியில நாப்பத்தொண்ணா? அண்டப் புளுகன்!"

"இது ஃபோர்ட்வால் இல்லை காக்கு" என்றாள் சுபிக்ஷா. "அதோட பேரையும் கேடயத்தையும் போட்டுக்கிட்டு வந்திருக்கற வேற ஏதோ ஒண்ணு. நம்மளப் பயமுறுத்திக் காசு கேக்குது. இது உள்ளே எப்ப வந்தது?"

காக்குவின் முகம் மெல்ல மாறியது. "வியாழக்கிழமை. இன்டர்நெட் பார்த்துட்டிருந்தப்ப ஒரு ஜன்னல் தானா திறந்தது. இலவசமா சோதிச்சுத் தரேன்னுது. பேரைப் பார்த்தேன். அட, நம்ம ஆபீஸ் ஃபோர்ட்வால்னு சந்தோஷமா 'யெஸ்' அழுத்தினேன்."

வியாழன். சுபிக்ஷா பென் டிரைவ் கொண்டுவந்தது வெள்ளி.

அவளுக்கும் புரிந்தது. காக்குவுக்கும் புரிந்தது. அவர் காது மடல் சிவந்துவிட்டது. 'பார்த்தீங்களா, நீங்கதான்!' என்ற வார்த்தை சுபிக்ஷாவின் நாக்கு நுனிவரை வந்தது. காக்கு தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பையைத் தடவுவதைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"பேரு ஒரே மாதிரி இருந்தா யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க காக்கு. எங்க அப்பாவும் 'யெஸ்'தான் அழுத்தியிருப்பார். முதல்ல மலரைக் காப்பாத்தலாம்."

கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். கதைகள் இருந்தன, படங்கள் இருந்தன, இலிஷ் மீன் மூன்று தடவையும் பத்திரமாக இருந்தது. கணினி கத்தக் கத்தவே, எல்லாவற்றையும் அந்தப் புது சிடியில் பதிந்தார்கள்.

"இப்போ ரிப்பேர்காரர் வந்து தாராளமா ஃபார்மேட் பண்ணட்டும்" என்றாள் சுபிக்ஷா.

சேத்லாவிலிருக்கும் அச்சகத்துக்குக் கிளம்பும்போது, மகளைத் தேடிக்கொண்டு அப்பா வந்துவிட்டார். "மறுபடி என்ன பண்ணினா? சாரி தாதா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்களும் வாங்க" என்றார் காக்கு. அப்பா கவலையோடு கூடவே நடந்தார்.

அச்சகத்துக் கணினியிலும் ஃபோர்ட்வால் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய, நிஜமான ஃபோர்ட்வால். அது மின்னவும் இல்லை, கத்தவும் இல்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. அச்சகத்துக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"சிடியில வைரஸ் எதுவும் இல்லை."

காக்கு சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினார். "இதையும் பாருங்க."

"இதுலயும் இல்லை. ரெண்டும் சுத்தம்."

காக்கு திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் புரிய வேண்டுமே என்று ஹிந்தியில், அதுவும் அவருக்கே உரிய சத்தத்தில் பேசினார். "சிவராம் பாபு, போலியைக் கூப்பிட்டு உள்ளே விட்டது நான். பழியைப் போட்டது உங்க பொண்ணு மேல. போலின்னு கண்டுபிடிச்சது அவதான். முப்பது பிள்ளைங்க எழுதினதையும் காப்பாத்திட்டா. நான்தான் தப்புன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை என்னைச் சொல்லலை. நீங்க என்கிட்ட சொன்ன சாரியை நான் உங்ககிட்ட திருப்பிச் சொல்லணும். சாரி." சொல்லிவிட்டுக் கைகூப்பினார்.

அப்பா அந்தக் கைகளைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். மகளைப் பார்த்தார். காக்குவைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். சுபிக்ஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் வாய் இரண்டு காதுவரை விரிந்திருந்தது.

"பலே கெட்டிக்காரியா இருக்காளே!" என்றார் அச்சகத்துக்காரர். "யார் வீட்டுப் பொண்ணு?"

காக்கு பதில் சொல்ல வாயெடுத்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"ஆமார் மேயே!" என்றார், வங்காளத்தில். என் பொண்ணு என்று அர்த்தம். சொன்ன சத்தத்தில் தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா அவர்களுக்கும் ஒரு தடவை சொன்னார்.