எழுப்ப வேண்டாம்

பவுனம்மாள் அறை வாசலில் இட்லித் தட்டு மூடியபடியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு. அதுவும் மூடியபடி.

சென்னையிலிருந்து வந்து இறங்கிய ஆனந்தவள்ளி முகம்கூடக் கழுவாமல் மாடிக்கு ஏறி வந்திருந்தாள். வெளியே ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கமிருந்து வரும் ஆற்றுச் சேற்று வாடையும், ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும், கீழே யாரோ கொளுத்திய ஊதுவத்தியும் கலந்து தாழ்வாரத்தில் தேங்கிக் கிடக்க, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, புளித்த மாவு என்று முதலில் தோன்றி, மாவு இல்லை என்று மூக்கே திருத்திச் சொல்லும் ஒரு வாடை, மெல்லத் தலைகாட்டிக்கொண்டிருந்தது.

போனைத் திறந்து பார்த்தாள். இல்லத்தின் அன்றைய நலச் செய்தியில் 'பவுனம்மாள் நலம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார். மகளுடன் பேசினார்' என்றிருந்தது. படித்ததும் மனம் அடங்கியது. கண்ணெதிரே தட்டு இருக்கும்போது அது அடங்கியிருக்கக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் அந்த முதியோர் இல்லத்தை நடத்துகிறவள் அவள். விளக்கு வைத்ததும் ஒவ்வொரு அறையாகப் போய்க் கையைப் பிடித்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது அவளுடைய வழக்கம். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் போன் போகும். யாராவது தூங்கிப்போயிருந்தால், "இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்தாங்க" என்று ஒரு பொய். பெற்றவர்களை இங்கே விட்டுவிட்டுத் தவிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பொய் மருந்து மாதிரி என்று அவள் நம்பினாள். இந்த ஊரில் எந்த வீட்டில்தான் அப்படிச் சொல்லவில்லை?

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. போனில் ஒரு போட்டோ அனுப்பவே பிறர் தயவு வேண்டிய ஆனந்தவள்ளி, அறைக்கு ஒரு பெட்டி வாங்கி மாட்டினாள். அது கேமரா வழியே அறையைப் பார்த்துக்கொள்ளும், அவள் குரலிலேயே நலம் விசாரிக்கும், பதிலைக் கேட்டுக்கொள்ளும், கதவுக்கு மேலிருக்கும் ஒலிபெருக்கியில் வேலையாட்களிடமும் பேசும், பிள்ளைகளுக்குப் போன் போட்டுக் கொடுக்கும். மாட்ட வந்த சிவசங்கர் பொறுப்பானவர், ஒவ்வொன்றாகக் கேட்டார். யாராவது பதில் சொல்லாவிட்டால் என்ன செய்யணும்? எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடணும்? அவள் மின்சாரக்காரரிடம் பேசுவது போலப் பேசி அனுப்பிவிட்டாள்.

"பிள்ளைங்க கவலைப்படக் கூடாதுங்க. அது ஒண்ணுதான் முக்கியம். சும்மாச் சும்மா என்னைக் கூப்பிட வேண்டாம்."

தூங்குகிறவர்களின் குரலில் பிள்ளைகளிடம் அதுவே இரண்டு வார்த்தை சொல்லிவிடும், வேண்டுமா என்று அவர் கேட்டதற்கும் தலையாட்டினாள். அழகான ஏற்பாடு என்றுகூட நினைத்தாள். அடுத்த மாதம் சாயங்கால நர்ஸ் ரோசரியை நிறுத்தினாள். நேற்று சென்னையில் மற்ற இல்லங்களின் நிர்வாகிகள் முன்னால் மேடையேறி இதையெல்லாம் பெருமையாகச் சொன்னாள். கைதட்டினார்கள்.

படியேறி வந்த சமையல்கார வள்ளிக்கண்ணு அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள். ஏன் தட்டு அப்படியே இருக்கிறது என்று ஆனந்தவள்ளி கேட்டாள்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க. தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம், வாசல்ல வெச்சிட்டுப் போன்னு. நேத்தும் சொன்னீங்க, இன்னைக்கும் சொன்னீங்க. நேத்துத் தட்டையும் அப்படியேதான் எடுத்துட்டுப் போனேன்."

"நான் ஊர்லயே இல்லையே."

வள்ளிக்கண்ணு கதவுக்கு மேலிருந்த சின்ன ஒலிபெருக்கியைப் பார்த்தாள். கீழே அடுப்பில் பால் இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

கரண்டு போனது.

மழைச் சத்தம் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டது. கோயில் பக்கமிருந்து மணியோசை கேட்டு நின்றது. ஆனந்தவள்ளி கதவைத் தள்ளினாள், ஈரத்தில் உப்பியிருந்த மரம் முனகிக்கொண்டே திறந்தது. உள்ளே அந்த வாடை. கட்டிலுக்கு எதிரே பெட்டியின் நீலப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது, பேட்டரியில் ஓடுகிற பெட்டி அது.

"பவுனம்மா?"

போர்வை அசையவில்லை. இதயம் பலவீனம், தினமும் ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிடுங்கள் அக்கா என்று மகள் தேவதர்ஷினி கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் மெல்போர்னுக்கு விமானம் ஏறினாள். பார்க்கிறேன் என்று இவளும் சத்தியம் செய்தாள்.

கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. விரல் வளையவில்லை.

நீலப் புள்ளி பச்சையானது. மணி அடித்தது. மெல்போர்னில் எடுத்தார்கள்.

"அம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் கண்ணு," என்றது பவுனம்மாளின் குரல். அதே மூச்சிரைப்பு. அதே இருமல். "ஆனந்தவள்ளி இங்கதான் நிக்கிறா. என் கையைப் பிடிச்சிட்டு இருக்கா."

ஆனந்தவள்ளி கையை விட்டாள்.

"தேவி, நம்பாதேம்மா. அது உங்கம்மா இல்ல. உங்கம்மா..." மறுபடியும் கத்தினாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"அக்கா, ஏன் கத்தறீங்க? சத்தம்தான் கேக்குது, என்ன சொல்றீங்கன்னே புரியலை."

ஒரு நொடி. பிறகு பெட்டியிலிருந்து அவள் குரலே வந்தது. நிதானமாக. சிரிப்போடு.

"ஒண்ணுமில்லம்மா. கரண்டு போயிடுச்சு, வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டேன். நீ கவலைப்படாதே."

"பயந்தே போயிட்டேன் அக்கா. நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தூக்கமே வருது."

ஆனந்தவள்ளி பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். தரையில் அடித்தாள். பச்சை அணைந்தது. தன் போனிலிருந்து தேவதர்ஷினியைக் கூப்பிட்டாள். தன் போன் நம்பரையும் அந்த ஏற்பாட்டோடு சேர்த்துவிடச் சிவசங்கரிடம் சொன்னதே அவள்தான். மறந்திருந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் காதோரம் அவள் குரல் பேச ஆரம்பித்தது.

"நான்தாம்மா. லைன் கட்டாயிடுச்சு. அம்மா தூங்கிட்டாங்க."

போன் கையிலிருந்து நழுவியது. தாழ்வாரத்துக்கு ஓடி வந்தாள். எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு. மழை. மூச்சு.

அடுத்த அறை வாசலில் மெழுகுவத்தி வெளிச்சம். வள்ளிக்கண்ணு குனிந்து இருசம்மாளின் இரவுத் தட்டைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏற்கனவே ஒரு தட்டு மூடியபடி இருந்தது.

"இவங்களையும் எழுப்ப வேண்டாம்னு இப்பத்தான் சொன்னீங்கம்மா."

ஆனந்தவள்ளி கதவில் கை வைத்தாள். தள்ளக் கை வரவில்லை.

உள்ளே அவள் குரல், விளக்கு வைத்த நேரத்துக்கே உரிய கனிவோடு, சாப்பிட்டீங்களா என்று கேட்டது.

"சாப்பிட்டேம்மா," என்றது இருசம்மாளின் குரல். "நல்லா இருக்கேன்."